திறமையான மிட்ஃபீல்டர் ஒருவர் அணியின் ஆட்டப் பாணியில் எப்படிப் பொருந்துகிறார்?

பந்து கிடைத்ததும் ஒரு கால்பந்து அணி வழக்கமாக என்ன செய்யும், பந்தை இழந்ததும் என்ன செய்யும் என்பதுதான் ஆட்டப் பாணி. சில அணிகள் சின்னச் சின்ன பாஸ்களாகப் பந்தைத் தங்களிடமே வைத்திருக்கும். சில அணிகள் பின்னால் பொறுமையாகக் காத்திருந்து, பந்து சிக்கியதும் ஓரமாகப் பாயும்.

தடுப்பாட்டக்காரரிடம் வாங்கி முன்வரிசைக்குக் கொடுப்பவர் மிட்ஃபீல்டர். அவர் காலில் பந்து ஒரு நொடி கூடுதலாக நின்றால் போதும், முன்னே ஓடத் தொடங்கியவர் ஆஃப்சைடில், அதாவது பந்து தரப்படும் நொடியில் எதிரணித் தடுப்பு வரிசையைத் தாண்டி நின்ற தவறில், மாட்டிக்கொள்வார். கரையில் நின்று இரு பக்கமும் வலையை இழுக்கும் கரைமடியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்: ஒரு பக்கம் மட்டும் வேகமாக இழுத்தால் வலை கோணலாகும், மீன் நழுவிவிடும்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017-18இல் இந்திய கிளப் அணிகளின் தொடரான ஐ-லீக்கில் சென்னை சிட்டி அணிக்காக ஆடி, சிறந்த மிட்ஃபீல்டர் விருது வாங்கியவர். பந்தோடு வெட்டி வெட்டி ஓடுவது அவர் பலம். அப்புறம் 2019-20இல் கொல்கத்தாவின் ஏடிகே அணிக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் ஹபாஸ் பின்வரிசையில் மூன்று பேரை மட்டும் நிறுத்துவார். இடது ஓரம் முழுக்க ஒருவர் பொறுப்பு. அந்த இடத்தில் சூசைராஜை இறக்கினார். நல்ல யோசனை என்பேன்: நடுவில் நெரிசலில் கிடைக்காத இடம் கோட்டோரம் கிடைத்தது, ஆனால் பின்னால் ஓடிவந்து தடுக்கும் வேலையும் சேர்ந்தது. அந்த சீசன் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையும் ஏடிகேவுக்கே.

மிட்ஃபீல்டரை ஓரத்தில் ஆடவிட்டாலே அவரை ஓரங்கட்டிவிட்டார்கள் என்று பலர் நினைப்பது சரியல்ல. இப்படி ஆடும் அணியில் அதிகம் ஓடுபவர்களில் அவரும் ஒருவர்.