லென்ஸ் அணிந்தபடி உறங்கியபின் கண் சிவந்தால் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

கான்டாக்ட் லென்ஸைக் கழற்றாமல் உறங்கி, காலையில் கண் சிவந்து வலித்தால், மருந்துக் கடையில் ஏதேனும் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது.

கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனே உடையது. அதில் இரத்தக் குழாய்களும் இல்லை. மேற்படலத்தில் கீறல் விழாதவரை பெரும்பாலான பாக்டீரியாக்களால் உள்ளே நுழைய முடியாது என்றாலும், லென்ஸ் அணிவோரிடம் அதிகம் காணப்படும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா ஒருமுறை புகுந்துவிட்டால், அதன் நொதிகள் கருவிழியின் கொலாஜன் என்ற புரத இழைகளைக் கரைத்து, சில நாட்களிலேயே கருவிழியில் துளை விழச் செய்யக்கூடும். கருவிழியில் அரிசி நொய்போல வெண்புள்ளி தெரிந்தால், அது இத்தகைய தொற்றால் வந்த புண்ணாக இருக்கலாம்; ‘மெட்ராஸ் ஐ’ என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

பூஞ்சைப் புண்ணும் பார்வைக்கு இதே போல இருக்கும் என்பதால், மருத்துவர் புண்ணைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். பாக்டீரியா எனில், மாக்சிஃபுளாக்சசின் போன்ற சொட்டு மருந்தைத் தொடக்கத்தில் மணிக்கொரு முறை, இரவிலும்கூட, விட வேண்டியிருக்கும். சிவப்புக் குறையக் கடையில் எடுத்துத் தரப்படும் ஸ்டீராய்டு சொட்டு பூஞ்சைப் புண்ணை மோசமாக்கும். பாக்டீரியாப் புண்ணிலும், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பங்கேற்று 500 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், ஆன்டிபயாடிக்குடன் ஸ்டீராய்டு சேர்த்ததால் மூன்று மாத முடிவில் பார்வை மொத்தத்தில் கூடுதலாக மேம்படவில்லை. விளக்கெண்ணெய், தாய்ப்பால் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கழற்றிய லென்ஸை எறிந்துவிடாமல் டப்பாவோடு கொண்டுசெல்லுங்கள்; தேவைப்பட்டால் அதையும் கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.