ஐம்பது ஏற்பிகள், எத்தனை வாசனைகள்?

அன்புள்ள ஐயா,

பழ ஈயின் மோப்பம் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரு மோப்ப நியூரானில் (நரம்புச் செல்லில்) வாசனை மூலக்கூறைப் பிடிக்கும் ஏற்பி பெரும்பாலும் ஒரே வகைதான், மொத்தமே சுமார் 50 வகைதான் என்கிறீர்கள். அப்படியானால் ஈ 50 வாசனைகளைத்தானே அறியும்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நியாயமான கேள்வி. பாதியில் நிறுத்தியது என் தப்பு.

ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு அசைந்து கொடுக்கும். ஒரே மூலக்கூறு பல ஏற்பிகளைத் தட்டும். தமிழில் 247 எழுத்துகள் இருக்கின்றன, 247 சொற்களோடா நிற்கிறோம்?

ஒரே ஏற்பி கொண்ட நியூரான்கள் எல்லாம், பெரும்பாலும் உணர்கொம்பிலிருந்து கிளம்பி, மூளையில் ஒரே முடிச்சில் வந்து சேர்கின்றன. கிளாமெருலஸ் என்பது அதன் பெயர். எந்தெந்த முடிச்சு எவ்வளவு கிளர்கிறது என்ற கோலம்தான் வாசனை.

அப்புறம் செய்தி இரண்டாகப் பிரியும். ஒன்று பிறவியிலேயே வந்த விருப்பு வெறுப்புக்கு. இன்னொன்று, கற்றலுக்கான மூளைப் பகுதியான காளான் உடலுக்கு. எனக்குப் பிடித்த இடம் இதுதான். அங்கே மூளையின் ஒவ்வொரு பக்கத்திலும் கென்யான் செல்கள் என்ற நியூரான்கள் சுமார் 2000. ஒவ்வொன்றும் ஆறேழு முடிச்சுகளிடமிருந்து செய்தி வாங்குகிறது. எந்த ஆறேழு? பெரும்பாலும் குலுக்கல் சீட்டுதான்! கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஆக்ஸெல் குழுவினர் 2013-இல் இதைக் காட்டினார்கள். போதாததற்கு ஒரு பெரிய நியூரான் எல்லாச் செல்களையும் அதட்டி அடக்குகிறது. ஆகவே ஒரு வாசனைக்கு வாய் திறப்பவை 100-க்கு ஐந்து, பத்து செல்கள்தான். இரண்டு வாசனைகளின் செல்கள் அதிகம் கலப்பதில்லை. ஒரு வாசனையோடு மின் அதிர்ச்சி கொடுத்தால், டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் வந்து அந்தச் சில செல்களின் இணைப்புகளை மட்டும் தளர்த்தும். ஈ அதன் பின் அந்த வாசனையைத் தவிர்க்கும். மற்ற வாசனைகள் பெரும்பாலும் பழையபடியே இருக்கும். கண்டபடி கம்பி இழுத்தது போலிருந்தாலும் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்.

சரி, நீங்கள் நினைத்த மாதிரி ஒரு வாசனைக்கு ஓர் ஏற்பி என்பதும் உண்டு. ஜியோஸ்மின் என்ற பொருளுக்கென்றே ஓர் ஏற்பி, ஒரு முடிச்சு, ஒரு தனி வழி இருப்பதை 2012-இல் கண்டார்கள். கெடுதலான பூஞ்சையும் பாக்டீரியாவும் அதை வெளியிடும். அதன் வாடை பட்டால் ஈ அங்கே தின்னாது, முட்டையும் இடாது. மழை விழுந்த மண்ணில் நாம் ஆசையாக முகர்வதும் அதே ஜியோஸ்மினைத்தான்.