வெறும் 32 கேயா?

கேள்வி: எண்பதுகளின் வீட்டுக் கம்ப்யூட்டர்களையும் கேம்களையும் நினைத்துச் சிலர் இன்னும் உருகுகிறார்களே! வெறும் 32 கே, 48 கே (கிலோபைட்) நினைவகத்தில் அப்படி என்னதான் இருந்தது?

பதில்: முதலில் அந்த ‘வெறும்’ என்பதை வாபஸ் வாங்குங்கள், அப்புறம் பேசலாம்.

1984இல் பிபிசி மைக்ரோ என்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ‘எலைட்’ என்றொரு விண்வெளி விளையாட்டு வந்தது. எழுதியவர்கள் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு மாணவர்கள். இருந்ததே 32 கே. அதிலும் ஒரு பங்கைத் திரை விழுங்கிவிடும். மிச்சத்தில் எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள்! கோளுக்குக் கோள் பெயர், ஆட்சிமுறை, பொருளாதாரம் எல்லாம் வேறு. இவற்றைப் பட்டியல் போட்டு வைக்க இடமேது? சில எண்களை விதையாக வைத்து, தேவைப்படும்போது கூட்டிக் கூட்டி இயந்திரமே கோளை உருவாக்கிக்கொள்ளும். விதை மாறாததால், எப்போது திரும்பிப் போனாலும் அதே கோள்தான். படம் பளபளத்தால் போதும், விளையாட்டு தானே நன்றாகிவிடும் என்பவர்களோடு நான் சண்டை போடுவது இதனால்தான்.

ஒலிநாடா கேசட்டிலிருந்து விளையாட்டுகளை ஏற்றியதை நினைத்து உருகுபவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. பல நிமிடம் கீச்சென்று கத்தும். ஒலியளவு கொஞ்சம் பிசகினால் மறுபடி முதலிலிருந்து. அதில் என்ன சுகம்? உருக வேண்டியது வேறு விஷயத்துக்கு. கமடோர் 64 என்ற கம்ப்யூட்டரைப் போட்டதும், நிரல் எழுதுவதற்கான பேசிக் மொழி தயாராக நிற்கும். அக்காலத்து இன்னொரு கம்ப்யூட்டரான ஸ்பெக்ட்ரமும் அப்படித்தான். வாங்கியவர் நிரல் எழுதுவார் என்று நம்பிச் செய்த இயந்திரங்கள். இன்றைய கைபேசி அப்படியா உங்களை வரவேற்கிறது?

பத்திரிகைகளும் அதே நம்பிக்கையில் முழு நிரல்களையே அச்சிட்டன. வாசகர் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்வார். எண்களாகவே நிறைந்த ‘டேட்டா’ வரியில் ஒரு எண் தப்பினால் நிரல் படுத்துவிடும். இதற்காகவே ‘கம்ப்யூட்ஸ் கெஜட்’ என்ற பத்திரிகை 1983இல், தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்கும் ஒரு சிறிய மெய்ப்பு நிரலை வெளியிட்டது. ஒரு வரியைத் தட்டி முடித்ததும் அது ஒரு எண்ணைக் காட்டும். பத்திரிகையில் அந்த வரியின் ஓரத்தில் அச்சான எண்ணும் அதுவும் ஒன்றாக இருந்தால் சரி, அடுத்த வரிக்குப் போகலாம்.

‘ஒரு எழுத்துப்பிழைக்கு இவ்வளவு கோபமா?’ என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. ஒரு எண் பிசகக் கூடாதென்று வாசகர் கையிலேயே சோதிக்கும் கருவியைக் கொடுத்தார்களே, அந்த அக்கறையை இன்று எத்தனை பத்திரிகைகளிடம் பார்க்கிறீர்கள்?