கணினி சிவப்புக் கோடு போடாத பிழைகள்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருக்கிறேன். மேனேஜருக்கும் சப்ளையர்களுக்கும் ஆங்கிலத்தில்தான் கடிதம். அட்வைஸ், பாரோ, எஃபெக்ட் என்று சில சொற்களில் எப்போதும் தடுமாற்றம். கணினியும் பிழை காட்டுவதில்லை. என்ன செய்யலாம், ஐயா?

பதில்: நீங்கள் எழுதுவது சரியான சொல்தான் தம்பி, இடம்தான் தப்பு. சொல் அகராதியில் இருந்துவிட்டால் கணினி பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அந்தச் சொல்லுக்கு வாக்கியத்தில் என்ன வேலை என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

தோட்ட ஆபீஸ் கடிதங்களில் நான் அதிகம் திருத்துவது ‘ப்ளீஸ் அட்வைஸ்’. ஆலோசனை என்ற பொருள் வந்தால் கடைசியில் சி, ஈ. ஆலோசனை சொல்லு என்றால் எஸ், ஈ. ஆக, ‘ப்ளீஸ்’ போட்டால் எஸ். ‘தேங்க் யூ ஃபார் யுவர் அட்வைஸ்’ என்றால் சி. வினைச்சொல்லின் முடிவில் ஒலி தொண்டையில் அதிரும். தமிழில் அந்த ஒலியே இல்லை, இரண்டையும் ‘ஸ்’ என்றுதான் எழுதுகிறோம். அதனால் காதை நம்பாதீர்கள். சி போட்ட சொல்லுக்குப் பன்மையும் கிடையாது. ‘அட்வைசஸ்’ என்று எழுத வேண்டாம். பிராக்டிஸ் என்ற சொல்லுக்கும் இதே சி, எஸ் கணக்குதான். ஆனால் அமெரிக்கர்கள் அதற்கு இரண்டு இடத்திலும் சி போடுவார்கள். நாம் பிரிட்டிஷ் முறையில் எழுதுகிறவர்கள், இணையத்தில் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள்.

பாரோ, லெண்ட் குழப்பத்துக்கு மலாய்தான் காரணம் என்பது என் எண்ணம். பேச்சில் ‘பின்ஜாம்’ என்ற ஒரே சொல்லை வைத்து வாங்குவதையும் சொல்லிவிடுகிறோம், கொடுப்பதையும் சொல்லிவிடுகிறோம். அதே பழக்கத்தில் பக்கத்துத் தோட்டத்துக்கு ‘ப்ளீஸ் பாரோ அஸ் யுவர் செயின்சா’ என்று கடிதம் போகிறது. தமிழில் யோசித்தால் தப்பே வராது: இரவல் வாங்குகிறவர் பாரோ, கொடுக்கிறவர் லெண்ட். ‘வீ வுட் லைக் டு பாரோ எ செயின்சா ஃப்ரம் யூ’ என்றோ, ‘குட் யூ லெண்ட் அஸ் எ செயின்சா’ என்றோ எழுதுங்கள். வாங்குவதற்கு ‘ஃப்ரம்’, கொடுப்பதற்கு ‘டு’ என்று நினைவில் வைத்தாலும் போதும்.

அஃபெக்ட், எஃபெக்ட் விஷயத்தில் முதல் எழுத்தைப் பாருங்கள். மழை குலை வெட்டும் வேலையைப் பாதித்தது என்றால் ஏ. அதன் விளைவைச் சொன்னால் ஈ. சம்பள உயர்வுக் கடிதத்தில் வரும் ‘வித் எஃபெக்ட் ஃப்ரம்’ எப்போதும் ஈதான். ஒரு வில்லங்கமும் உண்டு: சப்ளையர் ‘ப்ளீஸ் எஃபெக்ட் பேமெண்ட்’ என்று எழுதினால் அது பிழையில்லை, பணத்தைச் செலுத்துங்கள் என்று பொருள். அவசரப்பட்டு அதைத் திருத்திவிடாதீர்கள்.

அப்புறம், தொலைத்தால் ‘லூஸ்’ல் ஒரு ஓ, போல்ட்டு நட்டு தளர்ந்தால் இரண்டு ஓ. பேனா, கவர் எல்லாம் சேர்ந்த ஸ்டேஷனரியில் கடைசி ‘ஆர்’க்கு முன்னால் ஈ வரும், ‘என்வலப்’ தொடங்குகிற அதே ஈ. ஏ போட்டால் நகராமல் நிற்பது என்றாகிவிடும்.

‘ப்ளீஸ் ரிவர்ட்’ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நம் ஊர் ஆபீஸ்களில் பதில் போடுங்கள் என்றுதான் புரிந்துகொள்வார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கோ பழைய நிலைக்குத் திரும்பு என்று படலாம். ‘ரிப்ளை’ என்றே எழுதிவிடுங்கள்.