ஓடிபி ஒருவருக்கே வரலாமா? சமயத் தொண்டு நிறுவனப் பொறுப்பாளர்களின் கேள்விகளுக்குப் பதில்

சேலம் வட்டாரத்தில் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் சார்ந்து இல்லமோ அன்னதானமோ நடத்தும் பொறுப்பாளர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறேன். அவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

அம்மாபேட்டை அன்பர்: எங்கள் அன்னதான அறக்கட்டளைக்கு 80ஜி, அதாவது நன்கொடை தருபவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் அங்கீகாரம், கிடைக்குமா?

பசித்து வருபவர் எந்தச் சமயத்தவராயினும் உணவு உண்டு என்பது அறக்கட்டளைப் பத்திரத்திலேயே இருந்தால் விண்ணப்பிக்கலாம். சமயச் சடங்குகளுக்கான செலவு ஆண்டு வருமானத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாகலூர் அன்பர்: காப்பித் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு விடுதி நடத்துகிறோம். வெளிநாட்டு நண்பர் அனுப்பும் நன்கொடையை என் சொந்தக் கணக்கில் வாங்கலாமா?

கூடாது, ஐயா. வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற நிறுவனம், புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்றே தொடங்கிய கணக்கில்தான் அந்தப் பணத்தை வாங்க வேண்டும். பதிவு பெற்ற வேறொரு நிறுவனம் வாங்கி உங்களுக்குக் கைமாற்றித் தருவதற்கும் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வழியில்லை. விடுதிக்கும் 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதை முதலில் பாருங்கள்.

ஆத்தூர் அன்பர்: எங்கள் நிறுவனர் ஐயாவுக்கு வயது 74. தமக்குப் பின் தம் மகனே தலைவர் என்கிறார். அதைக் கேள்வி கேட்பது அவமரியாதை ஆகுமா?

ஆகாது. மகன் தகுதியுள்ளவரானால் வரட்டும், ஆனால் மகன் என்பதே தகுதி ஆகிவிடாது. நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். மலையடிவாரத்து முதியோர் இல்லம் ஒன்றின் நிறுவனர் பக்கவாதத்தில் விழுந்தார். காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் அவர் ஒருவருக்கே இருந்தது, ஓடிபியும் அவர் அலைபேசிக்கே வந்தது, உண்டியல் சாவியை அவர் அரைஞாண் கயிற்றில் கோத்திருந்தார். செவிலியர் அதை அவிழ்த்துப் பஞ்சில் பொதிந்து கொடுத்த பிறகுதான் சமையற்கார அம்மாவுக்கு மூன்று வாரக் கூலி கொடுக்க முடிந்தது. அவர் கறைபடாத மனிதர், தமக்குப் பின் யார் என்பதை மட்டும் எண்ணாமல் இருந்துவிட்டார்.

நீங்கள் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சங்கமானால் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பது பொதுக்குழு. அறக்கட்டளையானால் அடுத்த அறங்காவலரை எப்படி நியமிப்பது என்று பத்திரத்தில் எழுதியிருக்கும், அந்தப் பத்தியை ஐயாவோடு அமர்ந்து வாசியுங்கள். மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வங்கிக்குத் தீர்மானம் கொடுங்கள். மகனுக்குச் சம்பளம் தருவதானால் வேலைக்குத் தகுந்த அளவே தர வேண்டும், மிகுந்தால் வரிவிலக்கே கேள்விக்குள்ளாகும்.

செவ்வாய்ப்பேட்டை அன்பர் (மேற்கண்ட பதிலுக்கு): இறைவன் அழைத்த குடும்பத்துக்குக் கணக்கும் பயிற்சியும் கற்பிப்பது நம்பிக்கைக் குறைவு அல்லவா?

இதை ஏற்க முடியாது. பந்தியில் விதவைகள் விடுபடுகிறார்கள் என்ற முறையீடு எழுந்தபோது, இயேசுவின் அப்போஸ்தலர்கள் அந்தப் பணிக்கென்றே ஏழு பேரை நியமித்தார்கள். இஸ்லாமியர் பொதுப்பணத்தை அமானிதம், அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள், என்கிறார்கள். பராந்தக சோழர் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டோ, வாரியம் என்னும் ஊர் நிர்வாகக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும், ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து உறுப்பினரைத் தேரும் குடவோலைக்கு உரியவரல்லர் என்று விலக்குகிறது. கணக்குக் கேட்பது நம் முன்னோரின் பக்திக்கு இடையூறாக இருந்ததில்லை.

ஓமலூர், மேட்டூர், சங்ககிரி அன்பர்கள்: நன்கொடைக்குத் தலைவரின் சொந்த ஜிபே எண்ணைக் கொடுக்கலாமா?

உள்நாட்டுப் பணமானாலும் கூடாது. நிறுவனக் கணக்குக்கே கியூஆர் அட்டை வாங்குங்கள்.

கோயில் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர்: எங்கள் கோயில் நிலம் ஆக்கிரமிப்பில் உள்ளது.

அறநிலையத் துறையின் சேலம் இணை ஆணையர் அலுவலகத்தை அணுகுங்கள்.

ஏற்காட்டில் முதியோர் இல்லம் நடத்தும் சகோதரி: பதினொரு ஆண்டுகளாக ஒரு நாளும் விடுப்பு எடுத்ததில்லை. ஜெபிக்கவும் களைப்பாக இருக்கிறது. யாரிடம் சொல்வது?

சகோதரி, எனக்கு வந்தவற்றுள் இதுவே மிக முக்கியமான கேள்வி. உங்கள் களைப்பு விசுவாசக் குறைவு அல்ல. சேலத்தில் இல்லம் நடத்தும் பொறுப்பாளர்கள் சிலர், பல சமயத்தவர், மாதம் ஒரு முறை கூடி, அறிக்கையும் ஆய்வும் இல்லாமல் மனம்விட்டுப் பேசுகிறோம். அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். அன்று காலை மருந்து அலமாரிச் சாவியையும் வருகைப் பதிவேட்டையும் உங்கள் உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டுப் பேருந்து ஏறுங்கள், மாலை வரை அவரை அழைத்து எதுவும் கேட்காதீர்கள்.