ஹாம் வானொலிச் சங்கத்தில் என்ன கற்கலாம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி (உரிமம் பெற்று, வணிக நோக்கமின்றி, பொழுதுபோக்காக வானலையில் பேசுவது) குறித்து வந்த கேள்விகளில், சங்கங்களின் செயல்பாடுகளையும் அங்கே கற்கக் கூடியவற்றையும் பற்றியவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தக் கருவியை வாங்கலாம் என்று கேட்டவர்கள் பலர். அவர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே பதில் இடையில் இருக்கிறது.

என் மகன் எட்டாம் வகுப்புப் படிக்கிறான். உரிமம் இல்லாமல் ஹாம் சங்கத்துக்குப் போகலாமா? போனால் அவனுக்கு அங்கே என்ன வேலை? (ஒரு தாய், மதுரை)

தாராளமாகப் போகலாம். இந்தியாவில் 12 வயது நிறைந்தவர் அமெச்சூர் நிலைய இயக்குநர் தேர்வையே எழுதலாம் என்பதால் வயதும் தடையில்லை. உரிமம் கைக்கு வரும்வரை ஒலிபரப்பும் பொத்தானை அழுத்தும் உரிமை அவனுக்கு இல்லை. ஆனால் கேட்பதற்கு யாரும் தடை சொல்லமாட்டார்கள். பெரும்பாலான சங்கங்களில் வாரத்தில் ஒருநாள் குறித்த நேரத்தில் 'நெட்' நடக்கும். கட்டுப்பாட்டு நிலையம் ஒன்று பெயர் சொல்லி அழைக்க, மற்றவர்கள் முறைப்படி வந்து பேசுவார்கள். அவன் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, காதில் விழும் ஒவ்வோர் அழைப்புக் குறியையும் (உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் தரப்படும் அடையாளம்) எழுதச் சொல்லுங்கள். இந்தியாவில் பொது நிலை உரிமம் பெற்றவர்களின் குறி 'வியூ2' என்றும், கட்டுப்படுத்தப்பட்ட நிலையினரின் குறி 'வியூ3' என்றும் தொடங்கும். அந்தமானுக்கு 'வியூ4', இலட்சத்தீவுக்கு 'வியூ7'. 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி' என்று எழுத்துகளைச் சொல்லும் முறை சில வாரங்களில் தானாகவே நாக்கில் படிந்துவிடும். அதைப் புத்தகத்தில் மனப்பாடம் செய்யும் சிறுவர்கள், இரைச்சலுக்கு நடுவே கேட்கும்போது தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

தேர்வுக்கான கேள்விகளும் காணொளிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. அப்படியிருக்கச் சங்கம் எதற்கு? (பொறியியல் மாணவர், திருச்சி)

தேர்வில் தேறுவதற்குச் சங்கம் வேண்டாம் என்பது உண்மைதான். கட்டுப்படுத்தப்பட்ட நிலைத் தேர்வில் வானொலிக் கோட்பாடும் விதிமுறைகளும் மட்டுமே உண்டு, புள்ளி-கோடுக் குறியீடான மோர்ஸ் கிடையாது. தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்தில் விண்ணப்பித்து, வயர்லெஸ் கண்காணிப்பு நிலையத்தில் தேர்வெழுத வேண்டும். தேர்வுக்கும் உரிமத்துக்கும் இடையே சரிபார்ப்பு நடைமுறைகள் இருப்பதால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அந்த இடைவெளியைச் சங்கத்தில் கழிப்பவர்களே பின்னாளில் நல்ல இயக்குநர்கள் ஆகிறார்கள் என்பது என் கருத்து.

காரணம் எளியது. ஓம் விதியைத் தெரிந்தவர்கள் வகுப்பில் நிறையப் பேர் இருப்பார்கள். கருவியை ஆன்டெனாவோடு இணைக்கும் கோஆக்ஸியல் கம்பியின் நுனியில் ஒரு பிளக்கைச் சரியாகப் பற்றவைக்கத் தெரிந்தவர்கள் சிலரே. உள்கம்பி எளிதில் பற்றிக்கொள்ளும். வெளியே சுற்றியிருக்கும் வலைக்கம்பி பெரிய உலோக உடலோடு சேர வேண்டியிருப்பதால், சிறிய பற்றவைப்புக் கோலின் சூடு அதற்குப் போதாது. ஈயம் மேலே உருண்டு மங்கலாக உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு ஒட்டியதுபோல் தெரிந்தாலும் இழுத்தால் கழன்றுவிடும். மல்டிமீட்டரில் தொடர்ச்சியைப் பார்க்கும்போது கம்பியை ஆட்டிக்கொண்டே பார்க்க வேண்டும் என்பதை அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று சொன்னால்தான் மனத்தில் பதியும்.

சொந்தமாகக் கருவி கட்டும் ஆர்வமிருந்தால், ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த 'பிட்எக்ஸ்' வகைக் கருவியிலிருந்து தொடங்குங்கள். அதன் முதல் வடிவத்தில், எளிதில் கிடைக்காத டொராய்டுகளுக்கு (கம்பி சுற்றும் காந்த வளையங்கள்) பதிலாகக் குழாய்க்குப் போடும் வாஷர்களில் கம்பியைச் சுற்றிச் சுருள்கள் செய்யப்பட்டன. சில வாட் ஆற்றலில் கண்டம் தாண்டிப் பேச முடிகிற கருவி அது. கடைத்தெருப் பொருள்களைக் கொண்டு அதைக் கட்டுகிறவர், எந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது என்பதை வாழ்நாளில் மறக்கமாட்டார்.

தந்தி அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த மோர்ஸ் இங்கே பயன்படுமா? (தஞ்சாவூர்)

ஐயா, உங்களைப் போன்றவர்களைத்தான் சங்கங்கள் தேடுகின்றன. தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோனாலும் மோர்ஸ் நின்றுவிடவில்லை. பொது நிலை உரிமத்துக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். அந்த வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் 150 மில்லி செகண்ட். உங்களுக்கு அது நடையைவிட மெதுவாகத் தோன்றும்.

ஒரு சிறு பழக்க மாற்றம் மட்டும் தேவைப்படலாம். தந்திச் சவுண்டரில் காது கேட்பது, நெம்புகோல் கீழே விழும் தட்டலையும் மேலே எழும் தட்டலையும். அவற்றுக்கு இடையிலான கால அளவே புள்ளியா கோடா என்பதைச் சொல்லும். வானொலியிலோ ஒரே சுருதியில் ஒலி நீளும், குறுகும். சில நாள் கேட்டால் காது மாறிக்கொள்ளும்.

புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்போது, புள்ளிகளையும் கோடுகளையும் தாளில் வரைந்து காட்ட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். காகிதத்தில் பார்த்தவர்கள் ஒலியைக் கேட்டதும் மனத்துக்குள் அந்தப் படத்தைத் தேடுவார்கள். அதற்குள் அடுத்த இரண்டு எழுத்துகள் போய்விடும். கோக் முறையில் முதலில் 'கே', 'எம்' ஆகிய இரண்டு எழுத்துகளை மட்டும் முழு வேகத்தில் ஒலிக்கச்செய்து, பத்தில் ஒன்பது சரியாக வந்த பிறகே மூன்றாவதைச் சேர்ப்பார்கள். மோர்ஸ் தட்டும் உங்கள் கைச்சாவியும் உங்கள் பொறுமையும் இருந்தால் இதற்குத் தனிச் செயலியே தேவையில்லை.

இணையக் கடையில் வாக்கிடாக்கி மலிவாகக் கிடைக்கிறது. பழகிப்பார்க்க ஒன்று வாங்கலாமா? (சேலம், ஓசூர், நாகர்கோவிலிலிருந்து பலர்)

வேண்டாம். கடையில் விற்கப்படுவதாலேயே அது சட்டப்படியானதாக ஆகிவிடாது. உரிமம் இல்லாமல் அத்தகைய கருவியை வைத்திருப்பதே குற்றமாகலாம். கேட்டுப் பழகுவதற்கு நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எஸ்டிஆர் போன்ற இணைய ஏற்பிகள் போதும். கைப்பேசியிலேயே சிற்றலை முழுவதையும் சுற்றிவரலாம், செலவும் இல்லை.

கோயம்புத்தூரில் ஒரு பூங்காவில் சிலர் இஞ்ச் டேப்பைக் குழாயில் கட்டித் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். கேட்டபோது 'நரி வேட்டை' என்றார்கள். அது என்ன?

ஒளித்துவைத்த ஒரு சிறிய ஒலிபரப்பியைத் திசை பார்த்துக் கண்டுபிடிக்கும் விளையாட்டு அது. சங்கங்களின் நடவடிக்கைகளிலேயே குறைந்த செலவில் நிறையக் கற்றுத்தருவது இதுதான் என்பேன். நீங்கள் பார்த்தது, பிவிசி குழாயில் எஃகு டேப்புத் துண்டுகளைக் குறுக்கே பொருத்திச் செய்த யாகி ஆன்டெனா. 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 2 மீட்டர் என்பதால் ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ ஒரு மீட்டர் இருக்கும். புதருக்குள் நுழையும்போது டேப் வளைந்து கொடுத்துப் பின் நிமிர்ந்துகொள்ளும். அலுமினியக் குழாய்க்கு அந்த வசதி இல்லை.

தொலைவில் இருக்கும்வரை வேட்டை எளிது. நரியை நெருங்கியதும் எந்தப் பக்கம் திருப்பினாலும் மீட்டர் முழு அளவைக் காட்டத் தொடங்கும். புதியவர்கள் அங்கேதான் குழம்பிப்போவார்கள். அப்போது அட்டெனுவேட்டர் மூலம் சமிக்ஞையைக் குறைக்க வேண்டும், அல்லது அலைவரிசையைச் சற்றே விலக்கிவைத்துக் கேட்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் கைக்கருவியை மார்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள்: ஒலி மிகவும் தேயும் திசையில் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் நரி இருக்கிறது, ஏனென்றால் உடலே அலையை மறைக்கிறது. இரும்புக் கதவுகளும் கட்டடச் சுவர்களும் அலையைத் திருப்பியடித்துப் பொய்த் திசை காட்டும். ஒரே இடத்தில் எடுத்த அளவீட்டை நம்பி ஓடுகிறவர்கள் பெரும்பாலும் மதில்சுவரில் போய் முட்டி நிற்பார்கள். மூன்று இடங்களில் அளந்து வரைபடத்தில் கோடு போடுகிறவர்கள் நடந்தே முதலில் வந்துவிடுவார்கள்.

எங்கள் ஊர் கடலோரம். புயல், வெள்ளக் காலத்தில் உதவ ஹாம் பயிற்சி பெற விரும்புகிறோம். சங்கம் என்ன கற்றுத்தரும்? (இளைஞர் குழு, கடலூர்)

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, தில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் தம் குழுவினரோடு போர்ட் பிளேரில் இருந்தார். நீண்ட காலமாக அமெச்சூர் அலைவரிசையில் ஒலிக்காமலிருந்த அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காக, ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில் சென்ற குழு அது. தொலைபேசிகள் முடங்கிய அந்த நாள்களில், உறவினர்களைப் பற்றிய தகவல்கள் அவர்கள் நிலையத்தின் வழியே தீவுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே சென்றன. இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றே ஒன்று: ஆன்டெனா ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது, இயக்கத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே நாள்தோறும் இயக்கிக்கொண்டிருந்தார்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு பெட்டியிலிருந்து எடுக்கும் கருவி பெரும்பாலும் உதவாது.

ஆகவே நல்ல சங்கங்கள் மின்சாரம் இல்லாமல் திறந்தவெளியில் நிலையம் அமைக்கும் ஒத்திகையை நடத்துகின்றன. அங்கே முதல் பாடம் மின்கலக் கணக்கு. 100 வாட் சிற்றலைக் கருவி முழு ஆற்றலில் ஒலிபரப்பும்போது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 20 ஆம்பியர் இழுக்கும். கணினி யுபிஎஸ்ஸில் இருக்கும் 7 ஆம்பியர்-மணி மின்கலம் அதைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. ஆற்றலைப் பத்து வாட்டாகக் குறைத்து, ஆன்டெனாவை உயர்த்துவதே வழி.

இரண்டாவது பாடம் செய்தியைக் கையாள்வது. வாங்கிய செய்தியைச் சுருக்காமல், திருத்தாமல், சொன்னபடியே எழுதி, திரும்பப் படித்துக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். மருந்தின் பெயரையும் ஆளின் பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டு நிலையம் அழைக்காமல் வாய் திறக்கக் கூடாது. ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு இந்தக் கடைசி விதிதான் மிகவும் கடினமாக இருக்கிறது.

பள்ளியில் அறிவியல் மன்றம் நடத்துகிறேன். சங்கத்தோடு சேர்ந்து மாணவர்களுக்கு என்ன செய்துகாட்டலாம்? (ஆசிரியை, திருநெல்வேலி)

பன்னாட்டு விண்வெளி நிலையத்தைக் கேட்கச் செய்யுங்கள். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் அந்நிலையம் ஒருமுறை தலைக்கு மேல் கடக்க அதிகபட்சம் பத்து நிமிடம் ஆகும். அதன் ஒலிபரப்பு 145.800 மெகாஹெர்ட்ஸில் வரும். அவ்வப்போது படங்களையும் ஒலியாக மாற்றி அனுப்புகிறார்கள். அந்த ஒலியைச் சங்கத்தாரின் கருவியில் பிடித்து, பக்கத்தில் ஒரு கைப்பேசிச் செயலியை இயக்கிவைத்தால், வரி வரியாகப் படம் விரியும். ஒரு படத்துக்குச் சுமார் இரண்டு நிமிடம். நிலையம் நெருங்கும்போது அலைவரிசை சற்று ஏறியும் விலகும்போது இறங்கியும் கேட்பதை மாணவர்களே அளக்கலாம். டாப்ளர் விளைவுக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் இல்லை.

2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா அந்நிலையத்திலிருந்து ஹாம் வானொலி வழியே இந்திய மாணவர்களோடு உரையாடினார். இஸ்ரோவும் 2005 மே 5 அன்று பிஎஸ்எல்வி-சி6 ஏவுகலத்தில், ஹாம்களுக்கென்றே 'ஹாம்சாட்' என்ற செயற்கைக்கோளை அனுப்பியது. அது 2014 வரை உழைத்தது.

அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். ஆன்டெனா கட்ட இடமில்லை, கருவியிலோ ஒரே இரைச்சல். (சென்னை)

7 மெகாஹெர்ட்ஸுக்கான இருமுனை ஆன்டெனாவுக்கு மொத்தம் 20 மீட்டர் கம்பி வேண்டும். மொட்டைமாடியின் நடுவில் ஒரு கம்பத்தில் உச்சியைக் கட்டி, இரு கைகளையும் சரிவாக இறக்கினால் பல மாடிகளில் அடங்கிவிடும். குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும். கருவியை மின்கலத்தில் ஓடவிட்டு, மின்பலகையின் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மலிவான எல்இடி விளக்கோ மடிக்கணினிச் சார்ஜரோ பிடிபடும். அண்டை வீட்டு இன்வெர்ட்டர் என்று தெரிந்தால் சங்க நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒருவர் தனியாகப் போய்ச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து கேட்கிறேன். இந்தியத் தேர்வு எனக்குப் பொருந்துமா?

பொருந்தாது. இலங்கையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழு நடத்தும் தேர்வை எழுத வேண்டும். தொடக்க நிலை, பொது நிலை, உயர்நிலை என மூன்று படிகள் உண்டு. வழிகாட்டலுக்கு இலங்கை வானொலிச் சங்கத்தை அணுகுங்கள். அழைப்புக் குறி கிடைத்ததும் 2 மீட்டர் அலைவரிசையை மறந்துவிடாதீர்கள். கடலின் மேல் வெப்பக் காற்று படலமாகத் தங்கும் நாள்களில் அலைகள் அதற்கடியில் வளைந்து வெகுதூரம் போகும். இலங்கைப் பண்பலை நிலையங்கள் தமிழகக் கடற்கரையில் தெளிவாகக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். விடியற்காலையில் தமிழகக் கரையை நோக்கி யாகியைத் திருப்பி ஒரு 'சிக்யூ' (யாரும் பதில் தரலாம் என்ற பொது அழைப்பு) அழைத்துப் பாருங்கள்.