ஆமென் சொல்ல வாய் வரல

வணக்கம் மேடம். பேரு போட வேண்டாம், வயசு 29. பொறந்ததுலருந்தே சர்ச் குடும்பம், சண்டே ஸ்கூல் வசனப் போட்டின்னா நான்தான் ஃபர்ஸ்ட், அப்புறம் ஆராதனைல கீபோர்டு வாசிச்சவன். இதை ஏன் சொல்றேன்னா, வெளியில நின்னு கிண்டல் பண்ற ஆள்னு நினைச்சுடாதீங்க.

போன வருஷம் அக்காவுக்கு 27 வாரத்துலயே டெலிவரி ஆயிடுச்சு. பையன். 940 கிராம். என்ஐசியூல, அதான் பச்சைக் குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுல, 11 நாள் இருந்தான், மூச்சுத் திணறல்னு சொன்னாங்க அப்புறம் இன்ஃபெக்ஷன்னு சொன்னாங்க, பதினோராவது நாள் விடியக்காலைல போயிட்டான். பேரு கூட வைக்கல. கால்ல கட்டியிருந்த டேக்ல அக்கா பேரைப் போட்டு அவங்க குழந்தைன்னு மட்டும்தான் எழுதியிருந்துச்சு. அந்த டேக் என் பர்ஸ்ல இருக்கு, யாருக்கும் தெரியாது.

11 நாளும் சபையில உபவாச ஜெபம், செயின் பிரேயர். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை வேற ஒரு தம்பதி சாட்சி சொன்னாங்க, அவங்க குழந்தையும் என்ஐசியூல இருந்ததாம், டாக்டரே கைவிட்டுட்டாராம், கர்த்தர் காப்பாத்தினாராம். சபை மொத்தமும் அல்லேலூயா. அக்கா எனக்கு முன்னாடி வரிசைல இருந்தா, அவ முதுகையே பாத்துட்டு இருந்தேன், அவளும் கை தட்டினா. அன்னைலருந்து எனக்கு ஆமென் வரமாட்டேங்குது. வாயை அசைக்கிறேன், அவ்ளோதான்.

என் கேள்வி ரொம்ப சிம்பிள். அந்தக் குழந்தையை காப்பாத்த முடிஞ்சவருக்கு இவனை காப்பாத்த முடியலையா? முடியலன்னா எதுக்கு சர்வவல்லவர்னு பாடுறோம். முடிஞ்சும் விட்டுட்டார்னா எதுக்கு நல்லவர்னு பாடுறோம். மனுஷனுக்கு சுயாதீனம், அதாவது தானே தேர்ந்தெடுக்கிற சுதந்திரம், குடுத்திருக்கார், அதான் உலகத்துல தீமைன்னு சொல்றாங்க, 11 நாள் குழந்தை என்ன சுயாதீனத்தை யூஸ் பண்ணிச்சு? பைபிள்ல அமலேக்கியர்ங்கிற ஜனத்தை அழிக்கச் சொன்னப்ப பால் குடிக்கிற பிள்ளையைக்கூட விடாதேன்னு சொன்னவரும் இதே ஆண்டவர்தானே? பாஸ்டர்கிட்ட கேட்டா அவர் வழிகள் நம்ம வழிகள் இல்லன்னு ஒரு வசனத்தோட முடிச்சுட்டார். அம்மாகிட்ட பேசவே முடியாது, உடனே அழுகை, நீ விசுவாசத்தை விட்டு பின்மாற்றத்துக்கு போயிட்டேன்னு.

இன்னொண்ணு, சும்மா சொல்றேன். ஒரு ஆன்ட்டி, வீட்ல ஒருத்தர் அவிசுவாசமா இருந்தாலும் ஜெபம் தடைபடும்னு சொன்னாங்க. ஒன்பதாவது நாள் ராத்திரி ஆஸ்பத்திரி படிக்கட்டுல உக்காந்து ஜெபம் பண்ணிட்டு இருக்கும்போதே, இதை கேக்க யாருமே இல்லடான்னு எனக்கு தோணுச்சு. நான் அதையெல்லாம் நம்பல. ஆனா அந்தப் படிக்கட்டு அடிக்கடி ஞாபகம் வருது, தூக்கம் சரியில்ல.

பதில்

தம்பி, நான் பாஸ்டரும் இல்ல, கடவுள் இல்லன்னு நிரூபிக்க மைக் பிடிச்சவளும் இல்ல. உங்களை சபைக்கு திருப்பி அனுப்புறதோ வெளியில கூட்டிட்டு வர்றதோ என் வேலை கிடையாது, அதை முதல்லயே சொல்லிடுறேன்.

நீங்க கடைசில "சும்மா சொல்றேன்"னு எழுதினீங்க பாருங்க, அங்கருந்துதான் ஆரம்பிக்கணும். சும்மா சொல்றதுக்காக யாரும் தூக்கத்தை விடமாட்டாங்க. 27 வாரத்துல பிறக்கிற குழந்தையோட நுரையீரல்ல சர்ஃபாக்டன்ட்ங்கிற பொருள் போதுமான அளவு இருக்காது, அது இல்லன்னா ஒவ்வொரு மூச்சுக்கும் காத்துப்பை சுருங்கி ஒட்டிக்கும். இதை மேரி எலன் ஏவரிங்கிற டாக்டர் 1959லதான் கண்டுபிடிச்சாங்க. 1963ல அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு பையன் அஞ்சு வாரத்துக்கும் மேல முன்னாடியே பிறந்தான், இதே பிரச்சினை, 39 மணி நேரத்துல போயிட்டான். இன்னைக்கு அதே மாதிரி குழந்தை பெரும்பாலும் பிழைச்சு வீட்டுக்குப் போகும். ஜனாதிபதி பிள்ளைக்கு ஜெபத்துக்கா பஞ்சம்? இல்லாதது மருந்துதான், 1980ல ஜப்பான்ல ஃபுஜிவாராங்கிற டாக்டர் குழந்தைகளுக்கு வெளியில இருந்தே சர்ஃபாக்டன்ட் குடுத்து காட்டினதுக்கு அப்புறம்தான் நிலைமை மாற ஆரம்பிச்சுது. அது இருந்தும் 940 கிராம் குழந்தைக்கு இன்ஃபெக்ஷனைத் தாங்குற சக்தி ரொம்பக் கம்மி. உங்க மருமகன் போனதுக்கு காரணம் அவன் உடம்புல இருந்துச்சு, படிக்கட்டுல இல்ல. (இதையே உங்க கேள்விக்கு ஆதரவாவும் நீங்க எடுத்துக்கலாம், மருந்து வர்ற வரைக்கும் இத்தனை குழந்தைகளை ஏன் விட்டார்னு. எடுத்துக்கங்க, நான் தடுக்கல.)

அந்த ஆன்ட்டிக்கு பதில் அவங்க பைபிள்லயே இருக்கு. சீலோவாம்ல கோபுரம் விழுந்து 18 பேர் செத்தாங்களே, அவங்க மத்தவங்களைவிட பாவிகளான்னு இயேசு கேட்டு, இல்லைன்னு அவரே பதிலும் சொல்றார், லூக்கா 13. அதே வாக்கியத்துல எல்லாரையும் மனந்திரும்பச் சொல்லி எச்சரிக்கவும் செய்றார், அது வேற விஷயம்.

இப்ப உங்க பெரிய கேள்வி. அது பின்மாற்றம்னு அம்மா சொல்றாங்க, ஆனா தடுக்க நினைச்சும் முடியலையா, முடிஞ்சும் நினைக்கலையாங்கிற இந்தக் கேள்வி எபிக்யூரஸ்ங்கிற பழைய கிரேக்க தத்துவவாதியோடதுன்னு எழுதி வச்சு நம்ம கைக்கு கொண்டுவந்து சேர்த்ததே லாக்டான்டியஸ்ங்கிற ஒரு கிறிஸ்தவர்தான், நாலாம் நூற்றாண்டுல. 1,700 வருஷமா உள்ள இருக்கிறவங்களும் சேர்ந்துதான் இதோட மல்லுக்கட்டுறாங்க. சுயாதீனம்ங்கிற பதிலை இந்தக் காலத்துல ரொம்ப கூர்மையா சொன்னவர் ஆல்வின் பிளான்டிங்காங்கிற கிறிஸ்தவ தத்துவவாதி, அவரே கூட தீமையும் வல்லமையுள்ள நல்ல கடவுளும் சேர்ந்து இருந்தா அதுல முரண்பாடு இல்லைன்னு மட்டும்தான் வாதாடினார், எதுக்காக இந்தத் தீமைன்னு தனக்குத் தெரியும்னு சொல்லல. உங்க என்ஐசியூ கேள்விக்கு அந்தப் பதில் எட்டாதுன்னு நீங்க சொன்னது என் பார்வையில சரிதான். ஜான் ஹிக்ங்கிற இன்னொரு தத்துவவாதி வேற மாதிரி சொன்னார், இந்த உலகம் ஆத்துமா பக்குவப்படுற இடம்னு. 11 நாள்ல அவன் என்ன பக்குவப்படணும்? மத்தவங்க பக்குவப்படுறதுக்குன்னா அப்ப அவன் ஒரு கருவி ஆயிடுறான், பெத்தவகிட்ட அதை சொல்ல எனக்கு வாய் வராது. அமலேக்கியர் பகுதிக்கும் விளக்கங்கள் நிறைய இருக்கு, என்னை எதுவும் சமாதானப்படுத்தினதில்ல.

ஒருத்தர் மட்டும் நேர்மையா ஒரு பக்கத்தை விட்டுக் குடுத்தார். ஹரோல்ட் குஷ்னர்னு ஒரு ரபி, அதாவது யூத மதகுரு, அவர் பையன் சின்ன வயசுலயே முதுமை வர்ற புரோஜீரியா நோயால 14 வயசுல இறந்துட்டான். கடவுள் நல்லவர், ஆனா எல்லாத்தையும் தடுக்கிற வல்லமை அவருக்கு இல்லைன்னு அவர் முடிவுக்கு வந்தார். உங்க சபையில இதை சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், ஏத்துக்கங்கன்னும் சொல்லல. குழந்தையை பறிகொடுத்த ஒரு விசுவாசி கூட அந்த ரெண்டு பாட்டையும் சேர்த்து பாட முடியாம நின்னார்னு தெரிஞ்சுக்கத்தான் சொன்னேன்.

பைபிள்ல பிள்ளைகளையும் எல்லாத்தையும் இழந்த யோபுவோட கதையை நீங்க மனப்பாடமா படிச்சிருப்பீங்க. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" மட்டும்தான் சாவு வீட்ல சொல்வாங்க, அது முதல் அதிகாரம். அதுக்கப்புறம் முப்பத்தஞ்சு அதிகாரத்துக்கு மேல ஒரே சண்டை. கடைசில கடவுள் கோபப்படுறது கத்தின யோபு மேல இல்ல, கடவுளுக்கு வக்காலத்து வாங்கின நண்பர்கள் மேல. அவங்க உருப்படியா செஞ்சது ஒண்ணே ஒண்ணு, முதல் ஏழு நாள் பேசாம பக்கத்துல உக்காந்திருந்தது. ஆமென் வரலன்னா சொல்லாதீங்க, வாயையும் அசைக்காதீங்க, அந்த நடிப்புதான் உங்களை இன்னும் களைப்பாக்குது. கொஞ்ச நாள் வாராவாரம் போகணும்னு கூட இல்ல. அம்மாகிட்ட இறையியல் பேசாதீங்க, தோத்துடுவீங்க, அவங்களும் அழுவாங்க. "எனக்கு அவன் ஞாபகமாவே இருக்கும்மா"ன்னு மட்டும் சொல்லிப் பாருங்க, அவங்களும் பேரனை இழந்தவங்கதானே. தூக்கம் இன்னும் ரெண்டு வாரத்துக்கு இப்படியே இருந்தா, இல்ல உயிரோட இருந்தென்னன்னு நினைப்பு வந்தா அன்னைக்கே, நேர்ல ஒரு மனநல டாக்டரைப் பாருங்க, அதை ஜெபத்தோட போட்டியா வைக்க வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. இவ்ளோ பெரிய லெட்டர்ல பாஸ்டர் என்ன சொன்னார், ஆன்ட்டி என்ன சொன்னாங்க, அம்மா என்ன சொன்னாங்கன்னு எல்லாம் இருக்கு. அக்கா என்ன சொன்னாங்கன்னு ஒரு வரி இல்ல. முதுகும் கைதட்டலும்தான் இருக்கு. விசுவாசத்துல தட்டினாங்களா, எல்லாரும் பாக்குறாங்கன்னு தட்டினாங்களா, எனக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது. ஒரு நாள் மாமா இல்லாத நேரமா பாத்து அவங்களோட உக்காருங்க. பையனைப் பத்தி பேசலாமான்னு முதல்ல கேளுங்க. சரின்னு சொன்னா, டேக் ஒண்ணு என்கிட்ட இருக்குக்கா, பாக்குறியான்னு கேளுங்க. கேக்காம பர்ஸ்லருந்து எடுத்து நீட்டிடாதீங்க.